கோபுரம் தெரிகிறது, நடை திறந்திருக்கிறதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

விண்ணப்பங்களை இனி இணையத்தின் வழி மட்டுமே ஏற்போம் என்று அறிவித்துவிட்டு முகப்பிடத்தை மூடும் அமைப்புகள் நம்மிடையே பெருகி வருகின்றன. அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு கையெழுத்துக்காகப் பட்டர்வொர்த்திலிருந்து படகேறிப் பினாங்குத் தீவுக்குப் போய் வரிசையில் நின்ற காலம் திரும்ப வேண்டாம். ஆனால் முகப்பிடத்தை மூடியவர்கள், அதற்கு மாற்றாக வைத்த இணைய வாசல் திறந்திருக்கிறதா என்று இடைவிடாமல் பார்க்கும் பொறுப்பையும் ஏற்க வேண்டும், அது சாத்திக் கிடந்த நேரத்தை இறுதி நாளோடு கூட்டித் தரவும் வேண்டும் என்பதே இக்கடிதத்தின் வழி நான் வைக்கும் வேண்டுகோள்.

சென்ற ஆண்டு, புக்கிட் மெர்தாஜாமில் இருக்கும் என் தங்கை மகள் ஒரு கல்வி உதவிநிதிக்கு விண்ணப்பித்தாள். இறுதி நாள் ஒரு வெள்ளிக்கிழமை, நள்ளிரவு வரை அவகாசம். அன்று மாலை நான் வேலை முடிந்து வீடு திரும்பியதும் அழைத்தாள். "மாமா, எல்லாம் நிரப்பிட்டேன், அனுப்புன்னு அழுத்தினா வட்டம் சுத்திக்கிட்டே இருக்கு" என்றாள். ஆறு பக்கப் படிவம். ஆறு பக்கங்களும் தடையின்றித் திறந்தன. பெற்றோர் வருமானம், தேர்வு முடிவு எல்லாவற்றையும் அது வாங்கிக்கொண்டது. கடைசிப் பொத்தானில்தான் வட்டம் சுற்றியது. பகலிலேயே அந்த அமைப்பின் உதவி எண்ணுக்கும் அழைத்திருக்கிறாள். சர்வர் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது, எங்கள் திரையில் எல்லாம் பச்சையாக இருக்கிறது, உங்கள் வீட்டு இணைப்பைச் சரிபாருங்கள் என்று பதில் வந்ததாம்.

நான் பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டையில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக வலையமைப்புப் பராமரிப்பில் இருப்பவன். அவள் வீட்டுக்குப் போய்க் கணினியைத் திறந்து, பின்னால் என்ன நடக்கிறது என்று பார்த்தேன். படிவத்தைக் காட்டுவது ஒரு சர்வர். நிரப்பிய விவரங்களைப் பெற்றுக்கொள்வது வேறு பெயரில் இருக்கும் இன்னொரு சர்வர். அந்த இரண்டாவது பெயருக்கான பாதுகாப்புச் சான்றிதழ் (தளம் உண்மையானதே என்று உலாவிக்கு உறுதி சொல்லும் ஆவணம்) அன்று காலை 7 மணி 59 நிமிடம் 59 நொடிக்குக் காலாவதியாகி இருந்தது. (உலகப் பொது நேரப்படி நள்ளிரவில் முடியும்படி தரப்படும் சான்றிதழுக்கு மலேசியாவில் ஆயுள் முடிவது காலை எட்டு மணிக்கு; அலுவலகம் திறக்கிற அதே நேரம்.) காலாவதியான சான்றிதழோடு பேச உலாவி மறுத்துவிடும். படிவத்தை எழுதியவர் அந்த மறுப்பைப் பயனருக்குச் சொல்லும்படி எதையும் செய்து வைக்காததால் வட்டம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. ஆக, கடைசி நாளின் பதினாறு மணி நேரமும் ஒரு விண்ணப்பம்கூட உள்ளே போயிருக்க முடியாது.

அந்த அமைப்பின் பெயரை நான் எழுதப் போவதில்லை. உதவி எண்ணில் பேசியவர் பொய் சொன்னதாகவும் நான் கருதவில்லை. அவர் திரையில் பச்சை விளக்கு எரிந்திருக்கும். அந்த விளக்கு எந்தக் கேள்விக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது என்பதுதான் கோளாறு.

ஒரு கணினியோ இணையத்தளமோ இயங்குகிறதா என்று கேட்பதில் படிகள் உண்டு. முதற்படி பிங். 1983ஆம் ஆண்டு டிசம்பரில் அமெரிக்க இராணுவத்தின் ஆய்வுக்கூடம் ஒன்றில் பணியாற்றிய மைக் மூஸ் என்பவர், வலையமைப்பில் தமக்கு நேர்ந்த ஒரு தொல்லையைத் தீர்த்துக்கொள்ள எழுதிய சிறு நிரல் அது. நீர்மூழ்கிக் கப்பல் ஒலியை அனுப்பி எதிரொலிக்குக் காத்திருப்பதைப் போல, ஒரு சிறு தரவுப் பொட்டலத்தை அனுப்பி, அது திரும்பி வர எத்தனை மில்லி நொடி ஆகிறது என்று அளக்கிறது. பெயரும் அந்த ஒலியிலிருந்தே வந்தது. நாற்பது ஆண்டுகள் கடந்தும் எங்கள் துறையில் காலையில் முதலில் தட்டச்சு செய்வது அதைத்தான். ஆனால் பிங்குக்குப் பதில் வந்தால் அந்தப் பெட்டிக்கு மின்சாரம் இருக்கிறது, அதற்குப் போகும் வழி திறந்திருக்கிறது என்பதற்கு மேல் எதுவும் உறுதியாகாது. பதில் வராவிட்டாலும் பெட்டி செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. பிங்கைத் தடுத்து வைக்கும் ஃபயர்வால்கள் (வேண்டாத பொட்டலங்களை மறிக்கும் காவல் அமைப்புகள்) ஏராளம்.

இரண்டாம் படி போர்ட். ஒரே கணினி பல வேலைகளைச் செய்வதால், வருகிற பொட்டலம் எந்த வேலைக்கு உரியது என்று பிரித்தறிய வாசல்களுக்கு எண் கொடுத்திருக்கிறார்கள். 0 முதல் 65,535 வரை. பாதுகாப்பான இணையப் பக்கத்துக்கு 443, பழைய பாணிப் பக்கத்துக்கு 80, சர்வர்களுக்கிடையே மின்னஞ்சல் போய்வர 25, பெயரை முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸுக்கு 53. ஒரு போர்ட்டைத் தட்டினால் மூன்று விதமான பதில் கிடைக்கும். கைகுலுக்கல் (இரு கணினிகளும் பேசத் தொடங்க ஒப்புக்கொள்வது) நடந்தால் உள்ளே நிரல் காத்திருக்கிறது. உடனே மறுப்பு வந்தால் கணினி உயிரோடு இருக்கிறது, அந்த வாசலில் மட்டும் நிரல் இல்லை. வீட்டில் யாரும் இல்லை என்று வீட்டுக்குள்ளிருந்தே ஒரு குரல் சொல்வதைப் போன்றது அது. சத்தமே இல்லாவிட்டால் நடுவில் ஃபயர்வால் விழுங்கியிருக்கலாம், கேபிள் அறுந்திருக்கலாம், பெட்டியே அணைந்திருக்கலாம். மறுப்புக்கும் மௌனத்துக்கும் உள்ள இந்த வேறுபாட்டை எழுதி வைக்காத கண்காணிப்பு, பழுது பார்க்க வருபவருக்கு அரை மணி நேரத்தை வீணாக்கும். கூடவே ஒரு செய்தி: இந்தச் சோதனையை உங்கள் சொந்தக் கணினியில் மட்டுமே செய்யுங்கள். ஆர்வக்கோளாறில் அடுத்தவர் சர்வரின் வாசல்களை வரிசையாகத் தட்டிப் பார்த்தால் கேள்வி கேட்பார்கள். அனுமதியின்றி உள்ளே புகுவதைக் குற்றமாக்கும் கணினிக் குற்றச் சட்டம் நம் நாட்டில் 1997ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டுவிட்டது.

மூன்றாம் படி பக்கத்தைக் கேட்டுப் பார்ப்பது. நலம் என்றால் 200 என்ற எண் வரும். பக்கம் இல்லையென்றால் 404, உள்ளே முறிவு என்றால் 500, தாங்க முடியவில்லை என்றால் 503. பெரும்பாலோர் இந்த 200ஐக் கண்டதும் நிம்மதி அடைந்துவிடுகிறார்கள். தமிழில் இணையத்தளம் நடத்துகிறவர்கள் அப்படி நிம்மதி அடையக் கூடாது என்பதற்கு என் கையிலேயே சான்று உண்டு. பினாங்கின் நிலப்பகுதியில் ஒரு சிறிய நற்பணி மன்றத்தின் தளத்தை நான் ஊதியமின்றிக் கவனித்து வருகிறேன். அதன் தரவுத்தளத்தை ஒருமுறை வேறு சர்வருக்கு மாற்றியபோது எழுத்துக் குறியாக்கத்தை (எழுத்துகளை எண்களாகச் சேமிக்கும் முறையை) சரியாக அமைக்கத் தவறிவிட்டேன். மறுநாள் காலை அத்தனை பக்கங்களிலும் தமிழ் இருந்த இடத்தில் வரிசை வரிசையாகக் கேள்விக்குறிகள். தலைவரின் உரை முழுவதும் கேள்விக்குறி. நன்கொடையாளர் பட்டியலிலும் ரிங்கிட் தொகை மட்டும் ஒழுங்காக இருக்க, கொடுத்தவர் பெயரெல்லாம் கேள்விக்குறி. படங்களும் தேதிகளும் எண்களும் அச்சாக இருந்தன. பிங் நலம், 443 நலம், பக்கமும் 200. என் கண்காணிப்பு நிரல் அன்று முழுவதும் பச்சை காட்டியது. தவற்றைச் சொன்னவர் திறன்பேசியில் அதைத் திறந்து பார்த்த ஒரு பாட்டி. அன்று முதல் என் சோதனை எண்ணோடு நின்றுவிடுவதில்லை. முகப்புப் பக்கத்தில் 'வணக்கம்' என்ற சொல் தமிழ் எழுத்திலேயே இருக்கிறதா என்று தேடுகிறது, இல்லையென்றால் என்னை எழுப்புகிறது. தமிழ்ப்பள்ளிகளின் தளங்களைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள் இந்த ஒன்றை மட்டுமாவது செய்து வைக்கலாம்.

கோவில் வழக்கில் சொன்னால், பிங் என்பது தூரத்திலிருந்து கோபுரம் தெரிகிறதா என்று பார்ப்பது. போர்ட், வெளிவாசல் திறந்திருக்கிறதா என்று தட்டுவது. நடை திறந்திருக்கிறதா, உள்ளே தீபாராதனை நடக்கிறதா என்பதை ஒரு பக்தர் போய் நின்றால்தான் அறிய முடியும். என் தங்கை மகளின் விண்ணப்பத்தில் கோபுரமும் வாசலும் பார்க்கப்பட்டன. ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு போலி விண்ணப்பத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை அனுப்பிப் பார்க்கும் சோதனை ஒன்றை அவர்கள் வைத்திருந்தால், காலை 8.05க்கு யாராவது ஒருவரின் திறன்பேசி அலறியிருக்கும்.

எங்கிருந்து பார்க்கிறோம் என்பதும் அதே அளவுக்கு முக்கியம். இதையும் நான் அடிபட்டே கற்றேன். மன்றத்தின் சர்வர் அப்போது மன்ற அலுவலகத்தின் பின்னறையில் சாமிப் படத்துக்குக் கீழே ஒரு அலமாரியில் இருந்தது. கண்காணிக்கும் வேலைக்கு ஒரு பழைய மடிக்கணினியை அதே அலமாரியின் மேல்தட்டில் வைத்து, அதன் மூடியில் 'காவல்' என்று எழுதியும் ஒட்டியிருந்தேன். மின்கலம் எப்போதோ செத்துப்போன மடிக்கணினி அது. தைப்பூசத்துக்கு முந்திய நாள், ஜார்ஜ் டவுனில் வெள்ளிரதம் புறப்பட்டுவிட்ட காலை, தண்ணீர்ப் பந்தலில் யார் எப்போது நிற்பது என்ற பணிப் பட்டியல் அந்தத் தளத்தில்தான் இருந்தது. அலுவலகத்தில் மின்சாரம் டிரிப் ஆகி சர்வர், மோடம், காவல் மூன்றும் ஒரே நொடியில் அணைந்தன. தேங்காய் உடைத்து ஈரமான சாலையில், கூட்டத்துக்கு நடுவே நான் அடிக்கடி திறன்பேசியை எடுத்துப் பார்த்துக்கொண்டேன். எச்சரிக்கை எதுவும் இல்லை, ஆகவே எல்லாம் நலம் என்று நம்பினேன். நான்கு மணி நேரம் கழித்து, பந்தலில் ஆள் இல்லை என்று ஒரு தொண்டர் அழைத்த பிறகுதான் தெரிந்தது. காவல்காரனே மயங்கி விழுந்தால் கூப்பாடு போட யாரும் இல்லை.

இந்தத் தவறு சிறியவர்களுக்கு மட்டும் உரியதன்று. 2021ஆம் ஆண்டு அக்டோபர் 4ஆம் தேதி, நம் நேரப்படி இரவு 11.40 மணியளவில், பராமரிப்பின்போது கொடுக்கப்பட்ட ஒரு தவறான கட்டளையால் ஃபேஸ்புக்கின் தரவு மையங்களை இணைக்கும் வலையமைப்பு துண்டிக்கப்பட்டது; அதன் டிஎன்எஸ் சர்வர்களுக்குப் போகும் வழிகளும் இணையத்திலிருந்து மறைந்தன. சர்வர்கள் உயிரோடு இருந்தும் அவற்றுக்கு முகவரி இல்லாமல் போயிற்று. பழுது பார்க்க அந்நிறுவனம் வைத்திருந்த கருவிகளே அதே டிஎன்எஸ்ஸை நம்பி இருந்ததால் அவையும் முடங்கின; சீராக ஏறக்குறைய ஆறு மணி நேரம் பிடித்தது. புலனமும் (வாட்ஸ்அப்) அவர்களுடையதே ஆதலால் அதுவும் அந்நேரம் கிடையாது. பழுதுச் செய்தியைப் புலனக் குழுவுக்கு மட்டும் அனுப்பும்படி அமைத்துவிட்டு உறங்கப் போகிற நம்மவர்கள் இதை நினைவில் கொள்வது நல்லது. குறுஞ்செய்தியோ தொலைபேசி அழைப்போ இரண்டாவது வழியாக இருந்தே ஆக வேண்டும்.

இப்போது மன்றத்தின் தளத்தை மூன்று இடங்களிலிருந்து பார்க்கிறேன்: என் வீட்டு பிராட்பேண்டிலிருந்து, வேறு நிறுவனத்தின் கைப்பேசித் தரவிலிருந்து, சிங்கப்பூரில் வாடகைக்கு எடுத்த ஒரு சிறு சர்வரிலிருந்து. மூன்றில் இரண்டு இடங்களில் தொடர்ந்து மூன்று முறை தவறினால்தான் எச்சரிக்கை வரும். முன்பு ஒரே தவறலுக்கு எச்சரிக்கை அனுப்பும்படி வைத்து, இடி மின்னலோடு மழை பெய்த ஓர் இரவில் நாற்பது செய்திகளைச் செயலவைக் குழுவுக்கு அனுப்பி, எல்லாரும் அந்தக் குழுவின் ஒலியையே அணைத்துவிட்டார்கள். புலி வருது கதைதான். அதோடு, அலுவலகச் சர்வர் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை தானாகவே 'இருக்கிறேன்' என்று வெளியே ஒரு செய்தி அனுப்புகிறது. அந்தச் செய்தி வராமல் போவதே எச்சரிக்கை. இவற்றுக்கெல்லாம் செலவு பெரிதன்று. கண்காணிப்பு நிரல்களில் 1999 முதல் நாகியோஸ் இருக்கிறது, லாட்வியாவில் பிறந்த ஸாபிக்ஸ் இருக்கிறது. சிறிய அமைப்புகளுக்கு 2021இல் வெளிவந்த அப்டைம் குமா போதும். மூன்றும் இலவசமாகவே கிடைக்கின்றன. போர்ட், பக்கம், பக்கத்திலுள்ள சொல், சான்றிதழின் ஆயுள் ஆகியவற்றைக் கடைசியாகச் சொன்னது அப்படியே பார்த்துக்கொள்ளும்.

சான்றிதழின் ஆயுளைப் பற்றி மட்டும் இன்னும் சற்று. பலரும் பயன்படுத்தும், இலவசமாகக் கிடைக்கும் லெட்ஸ் என்கிரிப்ட் சான்றிதழ்கள் பொதுவாக 90 நாள்களுக்கே தரப்படுகின்றன. காலாவதி நெருங்குகிறது என்று அவர்கள் அனுப்பி வந்த நினைவூட்டல் மின்னஞ்சலும் 2025 ஜூனோடு நின்றுவிட்டது. பணம் கொடுத்து வாங்கும் சான்றிதழ்களுக்கும் ஆயுள் படிப்படியாகக் குறைகிறது. 2029 மார்ச் 15 முதல் 47 நாளுக்கு மேல் தரக் கூடாது என்று சான்றிதழ் வழங்குவோரும் உலாவி நிறுவனங்களும் கூடி முடிவெடுத்திருக்கிறார்கள். ஆண்டுக்கு ஒருமுறை ஒருவர் நாட்காட்டியில் வட்டமிட்டுப் புதுப்பித்த முறை இனி நடவாது. டொமைன் பெயருக்கும் (தளத்தின் இணைய முகவரிப் பெயர்) இதே கதி: நம் சங்கங்களில் ஆண்டுக் கூட்டத்தில் செயலாளர் மாறுவார், டொமைனைப் புதுப்பிக்கச் சொல்லும் மின்னஞ்சல் முன்னாள் செயலாளரின் பெட்டிக்கே போய்க்கொண்டிருக்கும், அவரோ கோபத்தில் வெளியேறியவராக இருப்பார்.

இனி நான் முதலில் சொன்ன பொறுப்புக்கு வருகிறேன். சேவை வழங்குவோர் தங்கள் சேவை 99.9 விழுக்காடு நேரம் கிடைக்கும் என்று பெருமையோடு எழுதுகிறார்கள். ஓராண்டில் அது 8 மணி 45 நிமிட முடக்கத்தை அனுமதிக்கும் கணக்கு. அந்த எட்டே முக்கால் மணியும் ஆண்டு முழுக்கச் சிதறிக் கிடந்தால் யாருக்கும் தெரியாது. விண்ணப்பத்தின் கடைசி மாலையில் மொத்தமாக வந்தால் ஒரு மாணவியின் ஆண்டு போய்விடும். விழுக்காட்டில் இரண்டும் ஒன்றுதான். ஆகவே சராசரியை மட்டும் காட்டுவது போதாது. நம் மத்திய வங்கியான பேங்க் நெகாரா இதை உணர்ந்தே, 2020 முதல் நடப்பில் உள்ள தன் தொழில்நுட்ப இடர் விதிகளில், நிதி நிறுவனங்களின் முக்கியமான கணினி அமைப்புகள் வாடிக்கையாளரைப் பாதிக்கும் வகையில் எதிர்பாராமல் முடங்கும் நேரம் பன்னிரண்டு மாதங்களில் மொத்தம் 4 மணி நேரத்துக்கு மேலும், ஒரு நிகழ்வுக்கு 120 நிமிடத்துக்கு மேலும் போகக் கூடாது என்று இரண்டு வரம்புகளை வைத்திருக்கிறது. இரண்டாவது வரம்புதான் நான் மெச்சுவது. வங்கிகளுக்கு அப்படி ஒரு கணக்கு இருக்கும்போது, உதவிநிதியும் பள்ளிப் பதிவும் மருத்துவச் சந்திப்பும் இணையத்தில் மட்டுமே என்று சொல்லும் அமைப்புகள், அந்த அளவுக்கு இல்லாவிட்டாலும், எந்த நாளில் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை தங்கள் சேவை கிடைக்கவில்லை என்ற பதிவேட்டையாவது வெளிப்படையாக வைக்கலாம். அதை வேறு ஒரு சர்வரில் வைக்க வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை என்றிருந்தேன். பழுது நிலவரத்தைச் சொல்லும் பக்கமும் தளத்தோடு சேர்ந்து விழுந்ததைப் பலமுறை பார்த்துவிட்டதால் சொல்கிறேன்.

2019 ஆகஸ்டில் கோலாலம்பூர் அனைத்துலக விமான நிலையத்தின் வலையமைப்பு பழுதடைந்தபோது, விமானத் தகவல் திரைகள் இருண்டதும் ஊழியர்கள் வெள்ளைப் பலகையை எடுத்து வந்து விமான எண்ணையும் வாயிலையும் கையால் எழுதி வைத்தார்கள். பலர் அதைக் கேலி செய்தார்கள். எனக்கு அது மரியாதைக்குரிய செயலாகவே பட்டது. திரை பழுது என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டார்கள், அடுத்த வழி என்ன என்பதையும் அங்கேயே காட்டினார்கள். உதவி எண்ணில் பேசிய அந்த அலுவலர், எங்கள் திரை பச்சையாக இருக்கிறது என்பதோடு நிறுத்தாமல், அனுப்ப முடியவில்லை என்று பகலில் அழைத்தவர்களின் பெயரைக் குறித்து வைத்திருந்தால்கூட அது ஒரு வெள்ளைப் பலகையாகியிருக்கும்.

மறுவாரம் நாங்கள் சான்றிதழின் காலாவதி நேரத்தைப் படமெடுத்து இணைத்து எழுதிய கடிதத்துக்கு, இறுதி நாளுக்குப் பின் வரும் விண்ணப்பங்கள் ஏற்கப்படமாட்டா என்ற ஒரு வரிப் பதில் வந்தது. அவள் இவ்வாண்டு மீண்டும் விண்ணப்பிக்கப் போகிறாள், முதல் நாளிலேயே. அந்தத் தளத்தின் இப்போதைய சான்றிதழும் ஒரு காலை 7.59க்குத்தான் முடிகிறது, அந்த நாளை என் நாட்காட்டியில் குறித்து வைத்திருக்கிறேன், பத்து நாள் முன்னதாக அவர்களுக்கு நானே ஒரு மின்னஞ்சல் அனுப்புவேன்.

இப்படிக்கு,
வலையமைப்புத் தொழில்நுட்பர் ஒருவர்,
பட்டர்வொர்த், பினாங்கு.